செயலாளர் ஆண்டறிக்கை: நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் மண் அரிப்பும் நிலப்பயன் மாற்றமும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த அளவெடுப்பு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சரிவுகளில் கம்பி அடித்து மண் அரிப்பை அளப்பதிலிருந்து தொடங்குகிறேன். எட்டு மில்லிமீட்டர் கம்பியை 60 செ.மீ. துண்டுகளாக வெட்டி, சரிவுக்குச் செங்குத்தாக அடித்து, 10 செ.மீ. வெளியே விட வேண்டும். மழைக்குப் பின் கம்பி வெளியே தெரியும் நீளத்தை அதன் இடது, வலது பக்கங்களில் அளந்து சராசரி எடுக்கிறோம். கீழ்ப்பக்கம் நீர் சுழன்று குழி விழும் என்பதால் அங்கே அளக்கக் கூடாது. தேயிலையிலும் புல்வெளியிலும் இது நன்றாக வேலை செய்கிறது. கேரட் நிலத்தில் உதவாது. கொத்தியதும் மண் பொலபொலத்து மேலெழும்பி, அரித்த இடமே சேர்ந்த இடம்போலக் கணக்கில் வரும். ஜனவரி உறைபனி கம்பியையே சற்று மேலே தள்ளிவிடும். பனிக்காலம் முடிந்ததும் எல்லாக் கம்பிகளையும் புதிதாக அளந்து, அதையே தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அதிலென்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் அது பத்து கன மீட்டர். மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.2 கிராம் என்றால் 12 டன். அடர்த்தியை ஊகித்துப் போடக் கூடாது. ஐந்து செ.மீ. விட்டமும் ஐந்து செ.மீ. உயரமும் உள்ள வளையத்தை மண்ணில் இறக்கினால் உள்ளே 98 கன செ.மீ. இருக்கும். அதை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போட்டு, 98ஆல் வகுத்தால் சரியான விடை கிடைக்கும்.

கேரட் பாத்திகளுக்கு அரை மீட்டர் அகலத் தகரத் தொட்டியைச் சரிவின் அடியில் பதித்து, குழாய் வழியாகக் கேனுக்கு நீர் விடுகிறோம். மேலே பத்து மீட்டர் சரிவு இருந்தால் நீர் வரும் பரப்பு ஐந்து சதுர மீட்டர். 40 மி.மீ. மழையில் பத்தில் ஒரு பங்கு வழிந்தாலே 20 லிட்டர் கேன் நிரம்பிவிடும். பெரிய மழையில் கேன் நிரம்பி வழிந்தால் நமக்கு வேண்டிய கணக்கு அதோடு போயிற்று. ஆகவே சமமான ஐந்து வாய்கள் கொண்ட பிரிப்பானை வைத்து, ஒரு வாயின் நீரை மட்டும் பிடிக்க வேண்டும். பிரிப்பான் மட்டம் சற்றுச் சாய்ந்தாலும் கணக்கு கெடும். ஒவ்வொரு முறையும் மட்டக்கட்டை வைத்துப் பாருங்கள். களிமண் தானாகச் சீக்கிரம் அடியில் தங்காது. சிட்டிகை படிகாரம் போட்டு ஒரு இரவு விட்டு, மேல்நீரை இறுத்து, மிச்சத்தை உலர்த்த வேண்டும்.

மழையின் மொத்த அளவை மட்டும் எழுதினால் போதாது. நாள் முழுக்கத் தூறிய 40 மி.மீ. மண்ணைப் பெரிதாக நகர்த்தாது. அதே 40 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் பாத்தியே கிளம்பிப் போகும். எனவே கனமழையின்போது அரை மணிக்கு ஒருமுறை மழைமானியைப் பார்க்க ஆள் தேவை. வண்டலை அளக்க ஓடை நீரை மறுநாள் காலை எடுப்பதால் பயனில்லை, அதற்குள் தெளிந்திருக்கும். வெள்ளம் ஏறும்போதுதான் அதிக வண்டல் வரும். ஒரு கழியில் வெவ்வேறு உயரத்தில், வாயில் இரு குழாய் செருகிய பாட்டில்களைக் கட்டிவைத்தால், நீர் ஏற ஏற அவை தாமாகவே நிரம்பும்.

நிலப்பயன் வரைபடம் பாதிதான் முடிந்திருக்கிறது. 2015 முதல் கிடைக்கும் சென்டினல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். நம் ஐந்து சென்ட் துண்டுகள் அதில் தெளிவாகத் தெரியாது. பருவமழையில் மேகம் மறைக்கிறது. ஜனவரிப் படம் தெளிவுதான், ஆனால் வடக்குச் சரிவின் நிழல் காடுபோலத் தெரிகிறது. அறுவடை முடிந்த கேரட் நிலமும் தரிசும் ஒரே நிறமாக இருக்கும். ஆகவே இரண்டு பருவப் படங்களை ஒப்பிட்டு, நேரில் போய்ப் பார்த்தே முடிவு செய்கிறோம். அப்போதும் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்கிறதா, நேர்கீழாக ஓடுகிறதா என்பதுதான் அது. மண் போவதை முடிவு செய்வது பெரும்பாலும் அதுவே. நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று பாத்தியை நேர்கீழாக இறக்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. குறுக்குப் பாத்திக்கு மெல்லிய சாய்வும், புல் வைத்த வடிகாலும் கொடுத்தால் இரண்டும் சரியாகும்.

மண் அரிப்பைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் வரும் டன் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கொண்ட நில உயர வரைபடத்தில் நம் படிக்கட்டு நிலங்கள் காணாமல் போய், முழுச் சரிவாகக் கணக்கிடப்படுகின்றன. எந்தச் சரிவை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் அது உதவும்.

மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சு கூட்டங்களில் வருகிறது. உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில், ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர் உள்ள இரண்டு நீர்வடிப்பகுதிகளை (மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலங்களை) முதலில் சில ஆண்டுகள் அப்படியே அளந்தது. பின்பு 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் நீலகிரித் தைலமரம் நட்டது. முதல் பத்தாண்டில் அங்கே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. எந்த மரம், எங்கே, எதற்குப் பதிலாக என்று கேட்காமல் நடுவதை நான் ஆதரிக்கவில்லை. தேயிலையிலும் புதிதாக நட்ட முதல் சில ஆண்டுகள்தான் ஆபத்து. இலை மூடிய பிறகு அது மண்ணைக் காக்கும். இளந்தேயிலையில் விட்டுவிட்டு வெட்டிய சம உயர அகழிகளும் இடையில் பயறும் வேண்டும். அகழியில் சேரும் மண்ணை மேல்பக்கமாகவே எறிய வேண்டும். கீழே எறிந்தால் அடுத்த மழையில் அது ஓடைக்குப் போய்விடும்.

கேரட் கழுவும் இடங்களில் வேருடன் வரும் மண் நேரே ஓடைக்குப் போகிறது. இதை எந்த வயல் அளவும் காட்டாது. 50 மைக்ரான் (0.05 மி.மீ.) துகள் ஒரு மீட்டர் இறங்க எட்டு நிமிடம் போதும். 2 மைக்ரான் களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேலாகும். எனவே ஒரே தொட்டி கட்டி இதைத் தீர்க்க முடியாது. முதல் அறையில் மணலும் வண்டலும் தங்கட்டும், இரண்டாவதில் படிகாரம் சேர்க்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. இடமும் செலவும் பற்றி கழுவும் இயந்திர உரிமையாளர்களின் கருத்தை அடுத்த செயற்குழுவுக்குள் எழுத்தில் தரக் கேட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டில் ஓடைப் பாட்டில்களை எடுக்கவும் மானியை வாசிக்கவும் ஒவ்வொரு கிளைக்கும் இருவர் பெயர் தேவை. கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள்.