வாசிப்பு: எழுத்தா, சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 1 பிள்ளைகளுக்கு வாசிப்பை எழுத்திலிருந்து தொடங்குவதா, சொல்லிலிருந்தா என்பதில் திருகோணமலை ஆசிரியர்களான எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிலர் அ, ஆ வரிசையை விடமாட்டார்கள். எழுத எளிதான ட, ப, ம என்று தொடங்குவோரும் உண்டு. வேறு சிலர் படத்தைக் காட்டி முழுச் சொல்லையே பழக்குகிறார்கள்.

எழுத்தை விட்டுவிட்டு வாசிப்பு வராது என்றே நான் நினைக்கிறேன். படத்தைப் பார்த்து 'மீன்' என்று சொல்லும் பிள்ளை, படத்தை மறைத்ததும் திகைக்கிறது. 'கெ' என்பதில் ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. இதைப் பொறுமையாகக் காட்டித்தான் ஆகவேண்டும். அதற்காக 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்பதும் சரியில்லை. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே எழுத்து வேறுவேறாக ஒலிப்பதைச் சொல்லுக்குள் வைத்துத்தானே பிள்ளை பிடிக்கும்?

எழுதுவதில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளை, தன் வீட்டைப் பற்றிச் சொந்தமாக இரண்டு வரி எழுதத் தடுமாறுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடி வருமுன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க வலயக் கல்வி அலுவலகம் ஏற்பாடு செய்யட்டும். தரம் 1இல் ஒரு முறை, தரம் 2இல் வேறு முறை என்று பிள்ளைகள் அலைக்கழிவதாவது நிற்கும்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.