கிளாஸ் ஏன் வாயத் தெறக்க மாட்டேங்குதுன்னு கேட்டியே

டேய் மாப்ளே,

உன் மெயில் வந்து கெடக்கு, பேப்பர் திருத்துற சீசன், அதான் பதில் லேட். டிபார்ட்மென்ட் ஹெட் ஆக்கிட்டாங்கன்றத ஒரே வரில எழுதி முடிச்சிட்ட, வாழ்த்துக்கள்டா, இனிமே மீட்டிங் மீட்டிங்னு அலைய வேண்டியதுதான். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவன் காலேஜ் சேந்துட்டான், வீட்டுக்கு வந்து வாத்தியாருங்கள எல்லாம் கிண்டல் பண்றான், நான் கம்முனு கேட்டுக்குறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். "புரிஞ்சுதா"ன்னா எல்லாம் தலையாட்டுது, டெஸ்ட்ல கவுந்துடுது, குரூப் டிஸ்கஷன்னு விட்டா ஊர்க்கதை பேசுதுன்னு எழுதியிருந்த. மொதல்ல அந்த "புரிஞ்சுதா"வ விட்டுடு, அதுக்கு எவனும் இல்லன்னு சொல்ல மாட்டான். டிஸ்கஷன் ஓடலன்னா பசங்க மேல பழிய போடாத, பெரும்பாலும் கேள்விதான் சரியில்ல. "இதப்பத்தி பேசுங்க"ன்னு விட்டா அவன் என்னத்தடா பேசுவான்?

ஹார்வர்டுல எரிக் மசூர்னு பிசிக்ஸ் வாத்தியார் 1990கள் தொடக்கத்துலேர்ந்து ஒரு முறைய நடத்திக்கிட்டு வர்றாரு, நான் இப்ப ஏறக்குறைய அதத்தான் பண்றேன். கணக்கு போடத் தேவையில்லாத, ஆனா யோசிக்க வைக்கிற கேள்வி ஒண்ணு, நாலு ஆப்ஷன். வாயே தெறக்காம அவனவன் தனியா ஒரு பதில முடிவு பண்ணிக் காட்டணும். அப்புறமாத்தான் பக்கத்துல வேற பதில் சொன்னவன்கிட்ட பேசி அவன மாத்தப் பாக்கணும், திரும்ப ஓட்டு, கடைசியா நம்ம விளக்கம். மொத ஓட்டுதான் இதுல உயிர்நாடி, அத விட்டா வாயாடி ஒருத்தன் பேசுவான் மத்தவன் மண்டைய ஆட்டுவான். ஓட்டுப் போடற கிளிக்கர் ஆப் எதுவும் வேண்டாம், ஆப்ஷன் நம்பருக்கு ஏத்த மாதிரி நெஞ்சுக்கு நேரா வெரல் காட்டச் சொல்லு, பக்கத்துல இருக்கறவனுக்கு சரியா தெரியாது, நமக்கு தெரியும்.

போன வாரம் லாரியும் சின்ன காரும் நேருக்கு நேர் மோதுது, எது மேல விசை அதிகம்னு கேட்டேன். நியூட்டனோட மூணாவது விதிய தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பானுங்க, ஆனா பாதி கிளாஸ் கார் மேலதான்னு வெரல் காட்டுச்சு. பேசச் சொன்னதும் ஒரே சத்தம். பின் பெஞ்சுல ஒரு பொண்ணு, "சரி, லாரிதான் மோதுச்சுன்னே வச்சிப்போம், அப்ப லாரியோட பம்பர நசுக்குனது யாரு?"ன்னு கேட்டா பாரு, பக்கத்துல இருந்தவன் அப்படியே நின்னுட்டான். விசை ஒண்ணுதான், எடை கம்மியா இருக்கறதால காரோட வேகம்தான் ஜாஸ்தி மாறுதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே பாதிப் பேர் அங்க வந்துட்டாங்க. முப்பதுலேர்ந்து எழுபது சதவீதம் பேர் மொத ஓட்டுல சரியா சொன்னா பேச விடு. அதுக்குக் கீழன்னா அடிப்படையே ஏறல, திரும்ப நடத்து. மேலன்னா ரெண்டு வரில முடிச்சிட்டு நகந்துடு.

அப்புறம், கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்ற பழக்கம் உனக்கு அப்பவே உண்டு! மேரி பட் ரோன்னு கல்வி ஆராய்ச்சி பண்ண ஒரு அம்மா வகுப்புகள டேப்ல பதிவு பண்ணி பாத்தாங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க. மூணு செகண்ட் பொறுத்தாலே பதில் நீளமாகுது, தெரியலன்னு சொல்றது குறையுது. அந்த மூணு செகண்ட் ஒரு யுகம் மாதிரி இருக்கும், பல்லக் கடிச்சிட்டு நில்லு.

போர்ஷன் முடியாதேன்னுதான் சண்டைக்கு வருவ. புத்தகத்துல அப்படியே இருக்கறத கிளாஸ்ல சொல்லாத, படிச்சிட்டு வரச் சொல்லு, அவ்ளோதான். 2014ல 225 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, வெறும் லெக்சர் கேட்டதுல பெயிலானது சராசரியா 34 சதவீதம், இந்த மாதிரி வகுப்புல 22.

நீ ஹெட் ஆனதால இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2019ல அதே ஹார்வர்டுல பண்ண ஆய்வுல, இப்படி பேசி யோசிச்சு படிச்ச பசங்கதான் டெஸ்ட்ல ஜாஸ்தி எடுத்தாங்க, ஆனா கம்மியா கத்துக்கிட்டதாத்தான் அவங்களுக்கே தோணுச்சு. சரளமான லெக்சர் கேட்டவன் எல்லாம் புரிஞ்ச சந்தோஷத்துல எந்திரிச்சுப் போறான். அதனால பீட்பேக் பாரத்துல "சார் நடத்தவே இல்ல"ன்னு கட்டாயம் வரும். இனிமே அந்த பாரமெல்லாம் உன் டேபிளுக்குத்தான் வரும், புதுசா சேந்த எவனாவது இப்படி முயற்சி பண்ணா அந்த பாரத்துல வந்த மார்க்க மட்டும் வச்சு கூப்புட்டு திட்டிடாதடா, டெஸ்ட் பேப்பரையும் எடுத்துப் பாரு.

தெர்மோ (வெப்ப இயக்கவியல்) யூனிட்டுக்கு ரெண்டு கேள்வி எழுதி அனுப்பு, என் கிளாஸ்ல ஓட்டிப் பாத்து சொல்றேன். தப்பான ஆப்ஷன நீயா யோசிக்காத, பசங்க விடைத்தாள்லேர்ந்தே எடு.

உன்
மாப்ள