மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மகனுக்கு

பாம்பன்,
வைகாசி மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை அப்படித்தான். மீன் வண்டிக்காரர்கள் வழக்கம்போல இந்த நாட்களில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி அடிப்பகுதியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். மலையிலிருந்து கேரட் ஏற்ற நம் பொலேரோவை நீ கொண்டுபோய்விட்டதால், நம் வாசல் மட்டும் இந்த ஆண்டு காலியாகக் கிடக்கிறது.

தங்கைக்கு நீ அனுப்பிய படங்களை அவள் எனக்குக் காட்டினாள். எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று நான் கேட்கவில்லை. விளக்குகளுக்குத் தனியாக ரிலே வைத்து, பாட்டரியிலிருந்து தடித்த ஒயரை ஃபியூஸ் வழியாக இழுத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் உறை போட்டிருக்கிறாய். பழைய வண்டியில் மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே சுற்றி வரும்போது பாதி வோல்டேஜ் வழியிலேயே செத்து விளக்கு மஞ்சளாக எரியும். ரிலே வைத்துவிட்டால் அதே 60/55 வாட் பல்பு பளிச்சென்று எரியும். வெளிச்சம் போதவில்லை என்றதும் 100 வாட் பல்பைப் போட்டு ஹோல்டரை உருக்கிக்கொண்ட ஆட்களை ராமநாதபுரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறாய். அந்த வேலையை உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அந்தப் படத்தை உன் அத்தானிடமும் காட்டினேன். இது கம்பெனி வேலைபோல இருக்கிறதே என்றார். எனக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் அதற்கு அடுத்த படத்தில் வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிறது, நீ அடியில் படுத்திருக்கிறாய். உன் கால்கள் மட்டும் தெரிகின்றன. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு இல்லை. உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் சீல் ஒன்று விட்டுக்கொடுத்தால் அத்தனை எடையும் ஒரே கணத்தில் கீழே இறங்கிவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடு. தூக்கிய பிறகு வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடு. ஸ்டாண்டு வாங்கவில்லை என்றால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு. ஹாலோ பிளாக் கல்லை மட்டும் வைக்காதே, அது சொல்லாமல் நொறுங்கும். வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே அடியில் போ.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் மூன்றாவது படம். அதில் நீ புதிதாகப் போட்ட ஸ்பிரிங் பட்டைகளைக் காட்டுவதற்காக இடது பின் சக்கரத்தின் உட்பக்கத்தை எடுத்திருக்கிறாய். நான் பட்டையைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் உள்விளிம்பில், கீழ்ப்பக்கமாக, நீ அடித்த புது வெள்ளைப் பெயிண்ட் சுருங்கி, தோல் உரிந்து, அடியிலிருந்து பழைய நிறம் தெரிகிறது. அதற்கு மேலே டிரம்மின் பின்தகட்டில் கை அகலத்துக்கு ஈரம். மண் ஒட்டிக் கறுத்த ஈரம். தங்கையிடம் அந்த இடத்தைப் பெரிதாக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பின் அச்சின் கியருக்கு ஊற்றும் கிரவுன் ஆயில் கசிந்திருந்தால் அழுக்குப் பிடிக்குமே தவிரப் பெயிண்ட் இப்படி உரியாது. பெயிண்டை உரிப்பது பிரேக் ஆயில். டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் விட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். விரலில் தொட்டுப் பார்: கந்தக நாற்றமும் கனத்த பிசுபிசுப்பும் இருந்தால் அச்சின் ஆயில் சீல், இலேசாக இருந்து, தண்ணீர் ஊற்றினால் கலந்து போய்விட்டால் பிரேக் ஆயில். எதுவாக இருந்தாலும் அது உள்ளே டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனரில் ஏறியிருக்கும். ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அது பழையபடி பிடிக்காது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்று இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீ இறங்கும் ஊட்டி மலையில் ஒரு பக்கமாக இழுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அது ஏன் இடது பின் சக்கரமாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டிகளின் தண்ணீர் வடிவதற்காக நாம் விட்டிருந்த ஓட்டை அந்தப் பக்கம்தான். ஐஸ் உருகிய தண்ணீரோடு மீனின் உப்பும் சேர்ந்து அந்தச் சக்கரத்தின் மேல்தான் இத்தனை காலமும் ஒழுகியது. 1988-இல் சாலைப் பாலம் திறந்த பிறகு இந்தத் தீவுக்குள் வந்து போன எந்த மீன் வண்டியை வேண்டுமானாலும் படுத்துப் பார், முதலில் அரித்திருப்பது பின்பக்கமாகவே இருக்கும். வாடைக் காலத்தில் பாலத்தின் மேல் போகும்போது கண்ணாடியில் படியும் உப்பு, சேசிஸின் உள்ளேயும் அதே அளவு படிகிறது. 2025 ஏப்ரலில் திறந்தார்களே, புதிய ரயில் பாலம், அதற்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. நம் வண்டிக்கு எது இருந்தது? நான் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியதுதான். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் அம்மா ஏசினாலும் குடிக்க எடுத்தது போக மிச்சத்தை அடிப்பகுதிக்கே அடித்தேன். உப்புத் தண்ணீரில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்.

ஆகவே சிலிண்டரை மாற்றுவதோடு நிறுத்தாதே. முன்னாலிருந்து பின் அச்சு வரை சேசிஸின் ஓரமாகப் பிரேக் ஆயிலைக் கொண்டு போகும் இரும்புக் குழாயைப் பார். வெளியே தெரியும் இடம் நன்றாக இருக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மண்ணும் உப்பும் தங்கி, அதற்குள்ளேயே தகடு தகடாக உதிர்ந்திருக்கும். ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய். குழி விழுந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டு வைக்காதே, நீளம் முழுவதையும் மாற்று. குறைந்த விலைக்குச் செம்புக் குழாய் தருவார்கள். வாங்காதே, வெறும் செம்பு அதிர்விலேயே கெட்டிப்பட்டு வெடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைக்கும், அது துருவும் பிடிக்காது. தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) அடித்த கறுப்புப் பெயிண்டைப் பார்த்து அடிப்பகுதி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. நம் வண்டியின் வயதுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது, ஆண்டுதோறும் துருவின் மேலேயே பெயிண்ட் ஏறியிருக்கிறது. சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்கும் இடம் நல்ல இரும்பு, சத்தம் அமுங்கும் இடத்தில் நிறுத்திச் சுரண்டு. பிறகு ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயிண்ட். கழிவு ஆயிலை அடித்துவிட்டால் போதும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அது பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இப்போது பட்டையைப் பற்றி. நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். கூடுதல் பட்டை போட்டதால் வண்டியின் பின்பக்கம் தணியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டிரம்மும் அதே டிரம். ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. இன்னொன்றையும் நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு சேசிஸில் இருக்கிறது. சுமை ஏறிப் பின்பக்கம் தணியத் தணிய அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். நீ பட்டையைக் கூட்டித் தணியவிடாமல் செய்துவிட்டாய். முழுச் சுமை இருக்கும்போதும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கசியும் சிலிண்டர் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிடு. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. நாளைக்கு ஏதாவது என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்ப முறுக்கிவிட்டுச் சுமையோடு கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடியும் முறுக்கு.

எத்தனை மூட்டை கேரட் ஏற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. மாதத் தவணை எவ்வளவு என்றும் கேட்கவில்லை. இரவில் ஏறி விடியற்காலையில் மண்டிக்கு இறங்குவதாகத் தங்கை சொன்னாள். பகலில் தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உச்சிப்புளியில் சித்தப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். அவர் வண்டியும் நன்றாகத்தான் இருந்தது.

நம் பொலேரோ சமதரையில் வளர்ந்த வண்டி. இங்கிருந்து மதுரை வரை ஏற்றம் என்று சொல்ல அந்தப் பாலம் ஒன்றுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோத்தகிரி வழியாகச் சுமையோடு இறங்கும்போது அந்த எடை முழுவதையும் பிரேக்கே பிடித்துக்கொண்டு வந்தால், டிரம் சூடாகி, அந்தச் சூடு சிலிண்டரில் இருக்கும் ஆயிலுக்கு வரும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் தன்மை உடையது. புதிய டாட் 3 ரக ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் தரையைத் தொடும். இந்த வண்டியில் இருக்கும் ஆயில் கடற்கரையில் நின்று குடித்த ஈரத்தோடுதான் அங்கே வந்திருக்கிறது. முழுவதையும் இறக்கிவிட்டு டாட் 4 ஊற்று. அது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினாலும் 155. தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயில் இருக்கும் ஏரை எடு. மிதிப்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள். திறந்து கிடக்கும் பழைய டப்பாவிலிருந்து ஊற்றாதே. வண்டிக்கு மெருகு வேண்டும் என்று நீ செலவழிப்பதில் முதல் பணம் இதற்குப் போகட்டும்.

எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விடும் பழக்கம் அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் சிலரிடமும் இருக்கும், உனக்கு வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இப்போது சீசன் கூட்டம் வேறு; கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றால், நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நின்றாக வேண்டும்.

பம்ப்பில் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டியிருக்கிறாயோ என்றும் சந்தேகம். சைலன்சர் முனையில் கரி அடை அடையாக இருக்கிறது. ஏற்றத்தில் கொஞ்சம் இழுக்கும். பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அதற்கு விலை கொடுக்கும். இதைப் பிறகு பேசுவோம். பிரேக்தான் முதல்.

மற்ற செய்திகள் தங்கை சொல்லியிருப்பாள். அக்காவின் மகன் பள்ளியில் சேர்ந்துவிட்டான். அம்மா நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். கருவாட்டோடு குழாய் வளைக்கும் கருவியையும் குழாய் முனையை விரித்து ஃப்ளேர் போடும் கருவியையும் பார்சலில் அனுப்புகிறேன். இரண்டுமே துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவை. குழாய் முனைக்கு இரட்டை ஃப்ளேர் போட வேண்டும், ஒற்றை போதாது. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சொல்; ராமேசுவரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது, ஏறிவிடுகிறேன். வண்டி வேலை முடிந்ததும் திரும்பிவிடுவேன், வேறு எதையும் பேச மாட்டேன்.

நீ அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் வாசலுக்கு வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கலாம். அந்த வருத்தத்தை வைத்துக்கொள், ஆனால் இந்தச் சொல்லைக் கேள். அடுத்த சுமைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இடது பின் டிரம்மைக் கழற்று. கழற்றும் முன் ஸ்டாண்டு போடு. சிலிண்டரின் இரண்டு ரப்பர் மூடிகளையும் விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைப் படம் எடுத்து இந்த முறை எனக்கே அனுப்பு. என் எண் மாறவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா