தாமரை இலையும் சுவர் பெயின்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்கையிடம் பொறியாளர்கள் கற்றது என்றாலே, மீன்கொத்திப் பறவையின் அலகைப் பார்த்து வடிவமைத்த ஜப்பான் புல்லட் ரயிலின் மூக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அது நல்ல கதைதான். நம் குளத்துத் தாமரை இலையைப் பற்றியும் உங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதலாமே?

பட்டும் படாமலும் இருப்பவரைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்கிறோம். தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை? இலை வழவழப்பாக இருப்பதால் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். விஷயம் நேரெதிர். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பல இலைகளை ஆராய்ந்தபோது, வழவழப்பானவற்றைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சொரசொரப்பானவை சுத்தமாகவே இருந்தன. தாமரை இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. நீர்த்துளி மேட்டு நுனிகளை மட்டும் தொடும். அடியில் காற்று நிற்பதால் முத்தாக உருளும். போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போய்விடும். 1997-ல் நைன்ஹுயிஸ் என்பவருடன் சேர்ந்து இதை விரிவாக எழுதினார் பார்த்லாட். இதே உத்தியில் 1999-ல் 'லோட்டுசான்' என்ற வெளிச்சுவர் பெயின்ட் சந்தைக்கு வந்தது. மழை பெய்தால் சுவரில் படிந்த அழுக்கும் கூடவே போகும்.

சோப்புத் தண்ணீரிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது, இலை நனைந்துவிடும். ஓர் இலையும் இரண்டு டம்ளரும் இருந்தால் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். எங்கள் ஊரில் பூக்கடையில் கேட்டால் இலை சும்மாவே கொடுப்பார்கள்.

– ஒரு வாசகர், மதுரை