ஒரு முட்டையை உடைத்துக் காட்டுங்கள்: விலங்கியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துப் பத்து வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். போன வருடம் ஒரு மாணவி கேட்டாள், "மிஸ், எல்லாம் ஒரே செல்லிலிருந்துதான் வருதுன்னா, நீ கண்ணாகு, நீ காலாகுன்னு அதுங்களுக்கு யாரு சொல்றது?" கருவியல் தாளில் நான் 81 மார்க். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஜீன்ஸ்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே ஜீன்கள்தானே என்று அடுத்த கேள்வி வந்தது, அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

எங்களுக்கு அந்தத் தாள் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தவளை, கோழி, மீன் போன்ற சின்னக் கடல் உயிரியான ஆம்பியாக்சஸ். மூன்றுக்கும் பிளவிப்பெருகல், கருக்கோளம், ஈரடுக்குக் கருக்கோளம் என்று கரு வளரும் கட்டங்கள். முட்டையில் மஞ்சள் கரு எவ்வளவு, அதனால் முட்டை முழுதாகப் பிளக்குமா அரைகுறையாகவா, அதற்கொரு அட்டவணை. பிராக்டிகலில் கோழிக் கருவின் பர்மனென்ட் ஸ்லைடுகள்: 24 மணி, 33 மணி, 48 மணி, 72 மணி, 96 மணி. பின்னால் வரிசை நிற்பதால் மைக்ரோஸ்கோப்பில் ஒரு நிமிடம் கண்ணை வைத்துவிட்டு, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் வரைவோம். புற அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, அக அடுக்குக்கு மஞ்சள். அது படம் வரைபவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் என்று யாரும் சொல்லவில்லை. கருவுக்குள் உண்மையிலேயே மூன்று நிறம் இருக்கும் போல என்று இரண்டாம் ஆண்டு முடியும்வரை நம்பினேன். சிரிக்காதீர்கள், எங்கள் பெஞ்சில் நான்கு பேரும் அப்படித்தான்.

அந்த மாணவியின் கேள்விக்காகப் பழைய புத்தகக் கடையில் ஒரு டெவலப்மென்டல் பயாலஜி பாடநூல் வாங்கினேன், வெளிநாட்டுக் கல்லூரிகளில் வைப்பது, தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம் அவ்வளவு தடிமன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. நாங்கள் படித்த அதே விஷயங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது எப்படித் தெரிந்தது என்பதும் இருக்கிறது.

"மொசைக் முட்டைக்கும் ரெகுலேட்டிவ் முட்டைக்கும் உள்ள வேறுபாடுகள்" என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று உண்டே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சண்டையிலிருந்து வந்தது. 1888-ல் வில்ஹெல்ம் ரூ இரண்டு செல்லாகப் பிரிந்திருந்த தவளைக் கருவில் ஒரு செல்லைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிச்சமிருந்தது பாதிக் கருவாகத்தான் வளர்ந்தது. சரி, ஒவ்வொரு செல்லுக்கும் அதன் வேலை முன்பே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றார், அதுதான் மொசைக். சில வருடத்திலேயே ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் இரண்டு செல்களைக் குலுக்கித் தனித்தனியாகப் பிரித்தார். பாதி வரும் என்று எதிர்பார்த்தால், ஒவ்வொன்றும் அளவில் சிறுத்த ஒரு முழு லார்வாவாக நீந்துகிறது! இழந்ததை ஈடுகட்டிக்கொள்ளும் இதுதான் ரெகுலேட்டிவ். பிறகுதான் தெரிந்தது, ரூவின் சோதனையில் செத்த செல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 1910-ல் ஒருவர் அந்தச் செல்லை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தார், தவளையிலும் மிச்சச் செல் முழுக் கருவானது. துப்பறியும் கதை மாதிரி இருக்கிறதா இல்லையா? இதைத்தான் நாங்கள் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் நாலு பாயின்ட், வலப்பக்கம் நாலு பாயின்ட் என்று எழுதினோம்.

அப்புறம் ஆர்கனைசர், அதாவது அக்கம்பக்கத்துச் செல்கள் என்னவாக வேண்டும் என்று சொல்லும் கருவின் பகுதி. "ஸ்பீமன் மற்றும் மாங்கோல்டு, 1924" என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தோமே, அந்த மாங்கோல்டு ஒரு பெண் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். ஹில்டே மாங்கோல்டு, ஸ்பீமனிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். நியூட் என்கிற, பல்லி போன்ற நீர்நில வாழ்வியில் இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார், ஒன்றின் கரு வெளிர் நிறம், மற்றதன் கரு கருமை. வெளிர் கருவில் பிளாஸ்டோபோரின், அதாவது செல்கள் உள்ளே மடிந்து போகும் துளையின், மேலுதட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கருமையான கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். அங்கே நரம்புக் குழலும் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) முதுகுநாணுமாக (கருவின் முதுகைத் தாங்கும் தண்டு) இன்னொரு உடல் வளர்ந்தது. ஒட்டிய துணுக்குதானே வளர்ந்தது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இரண்டு நிறம். புதிய நரம்புக் குழலில் பெரும்பகுதி கருமையாக இருந்தது, அதாவது வயிற்றுத் தோலாக வேண்டிய செல்கள், வந்து ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நரம்பாகிவிட்டன. எங்கள் ரெக்கார்டில் நிறம் கலர் பென்சிலோடு முடிந்தது, அங்கே நிறம்தான் சாட்சி. அந்தக் கட்டுரை வெளியான 1924-லேயே வீட்டுச் சமையலறையில் ஹீட்டர் வெடித்து அவர் இறந்துபோனார். 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமனுக்குத் தரப்பட்டது.

மாணவியிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன்: "ஜீன் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஆனா எதைத் திறக்கிறது எதை மூடுறதுங்கிறதை பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்கள் சொல்லும்." அவளுக்குத் திருப்தி. உடனே அடுத்த கேள்வி: "நாம ஒண்ணைப் பாக்கலாமா மிஸ்?"

தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, சின்ன தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர், 37.5 டிகிரி. கடையில் ஒரு டஜன் வெள்ளை முட்டை வாங்கி வைத்து, வேளாவேளைக்குத் திருப்பிவிட்டு, நாலாம் நாள் மொபைல் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏம்மா, சேவல் சேராத முட்டையில எப்படிம்மா குஞ்சு வரும்?" நான் விலங்கியல் பட்டதாரி என்பதை ஆச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.

அவரே தன் நாட்டுக்கோழி முட்டை ஆறு கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு ஒன்றை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீருக்குள் உடைத்தோம். மஞ்சள் கருவின் மேல் ரத்தக் குழாய்கள் வலைபோல் விரிந்திருக்க, நடுவில் கடுகளவு சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது. நான்கு பிள்ளைகள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அரிஸ்டாட்டில் 2,300 வருடங்களுக்கு முன்பே முட்டைகளை உடைத்துப் பார்த்து எழுதிவைத்த அதே துடிப்பு. கோழிக் கருவின் இதயம் முதன்முதலாகத் துடிப்பது ஏறக்குறைய அந்த 33 மணி ஸ்லைடின் வயதில்தான். அதைத்தான் எங்களுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடிக்கு நடுவே ஒட்டி, அசையாமல் காட்டினீர்கள்.

பாடத்தைக் கூட்டச் சொல்லவில்லை. செமஸ்டரில் எத்தனை நாள் வகுப்பு நடக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆம்பியாக்சஸ் முழுவதையும் எடுத்துவிட்டால்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் ஒரு பிராக்டிகல் உயிருள்ள முட்டைக்கு ஒதுக்குங்கள். உடைக்க மனம் வராவிட்டால் டார்ச் போதும், ஐந்தாம் நாளில் ரத்தக் குழாய்கள் சிலந்திக் கால்கள்போல் ஓடுவது ஓட்டுக்கு வெளியிலிருந்தே தெரியும். தேர்வில் ஒரு கேள்வியாவது, இப்படி வெட்டி ஒட்டினால் என்ன ஆகும், ஏன், என்று இருக்கட்டும். நரம்புக் குழல் பாடத்தில் ஒரு வரி சேருங்கள்: மனிதக் கருவில் அது கருவுற்று 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போதுதான் தெரியவரும், அது சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை அதற்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். என் வகுப்பில் 40 பெண்கள் இருந்தோம், ஒருத்தருக்கும் இது தெரியாமல் பட்டம் வாங்கினோம்.

பெட்டி என்னிடம் இருக்கிறது, எந்தக் கல்லூரி கேட்டாலும் கொண்டுவந்து காட்டத் தயார். முட்டை மட்டும் நீங்கள் வாங்கிவிடுங்கள், சேவல் இருக்கும் வீடா என்று விசாரித்து.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி