பூண்டுப் புகையில் காய்ந்த பக்கங்கள்

அன்புள்ள பூம்பாறை ஊராருக்கு,

வணக்கம். 2006-ல் எழுதத் தொடங்கிய நாவல் போன வாரம் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அது மனசை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

1981 தை மாதம் வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். ராஜம் ஐயரும் பி.எஸ்.ராமையாவும் பிறந்த ஊர்க்காரி என்கிற பெருமையும் ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகமும்தான் நான் கொண்டுவந்த சீர். குளிர் தாங்காமல் முதல் மாதம் முழுக்க அழுதேன். என் அத்தை ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் ராத்திரியானால் அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளி, நான் உட்கார்ந்து எழுதும் பலகையோரம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கண் மூடும்வரைக்கும் ஒரு நாள் தவறியதில்லை. என் முதல் நான்கு நாவல்களும் அந்தச் சூட்டில் எழுதியவை.

மறுவருஷம், 1982-ல், குறிஞ்சி பூத்தது. அவர் என்னைப் புல்மேட்டுக்கு நடத்தியே கூட்டிப்போனார். சரிவு முழுக்க நீலம். பூண்டு, உருளைக்கிழங்கு, மழை தவிர வேறெதுவும் அதிகம் பேசாத மனுஷன், அன்றைக்கு விரல்விட்டு எண்ணிவிட்டு, "அடுத்த பூவுக்கு ஒனக்கு முப்பத்திநாலு வயசு" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு. இத்தனை வருஷமாகக் காதலைப் பற்றி எழுதியிருக்கிறேன், அதைவிடப் பெரிய வாக்கியம் ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. 1994-லும் 2006-லும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். 2018-ல் பூத்தபோது அவர் இல்லை.

மூன்றாவது தடவை போனபோது பழைய மேட்டில் சீகை மரம் அடர்ந்து நின்றது. வேறு சரிவைக் காட்டிக்கொடுத்தது பளியர் பழங்குடிப் பாட்டி ஒருவர். அந்தப் பாட்டிக்கு நான் பட்டிருக்கும் கடன் வழி காட்டியதோடு நிற்கவில்லை. ஒரே செடியே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பூக்கும் என்று நினைத்து, ஒருத்தி அந்தச் செடிக்காகவே காத்திருப்பதாகக் கதையை அமைத்திருந்தேன். சொன்னதும் பாட்டி தலையை ஆட்டினார். பூ முடிந்து காய்ந்துகொண்டிருந்த ஒரு தண்டைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "இது செத்துப்போச்சு தாயி. அடுத்து பூக்குறது இதோட பிள்ள." வீட்டுக்கு வந்து எழுதியதையெல்லாம் ஒதுக்கிவைத்தேன். இன்றைக்கு நீங்கள் வாசிக்கும் நாவலில் காத்திருப்பவள் தாய், பூவைப் பார்ப்பவள் மகள். அந்தத் திருப்பம் பாட்டியுடையது.

அப்புறம் கஜா புயல். 2018 நவம்பர் 16. தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனதும் நான் முதலில் தேடியது எழுதிவைத்த கட்டைத்தான். எல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. நகல் கிடையாது. மழைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு மதினி வந்து, ஒன்றும் கேட்காமல் கட்டை மடியில் கட்டிக்கொண்டு, பூண்டுக்குப் புகை போடும் அறைக்குப் போனார். நாலைந்து பெண்கள் சேர்ந்து தாளைத் தாளாகப் பிரித்து, பூண்டுக் கட்டு தொங்குகிற கொடிகளில் போட்டு, அடியில் மெதுவாக மூட்டம் போட்டார்கள். கரண்ட் இல்லை, சாலையெங்கும் மரம். அவரவர் வீட்டிலும் கூரை போயிருந்தது, தோட்டம் அழிந்திருந்தது. அப்படியும் மூன்று நாள் மாறி மாறி அந்தப் புகையைக் காத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண் பார்த்து அடுக்கிக் கொடுத்தார்கள். இரண்டே பக்கம்தான் போனது. அந்தத் தாள்கள் இன்னமும் என் பெட்டியில் இருக்கின்றன, திறந்தால் பூண்டு வாசம் அடிக்கிறது.

மை கலைந்த எழுத்தை எழுத்துக்கூட்டி டைப் அடித்துக் கொடுத்த கொடைக்கானல் கடைப் பெண்ணுக்கும், அந்தத் தாள்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, அடித்த பக்கங்களை வாங்கிவந்து தந்த பஸ் கண்டக்டர் தம்பிக்கும், பிழை திருத்திய நண்பர்களுக்கும் என் வணக்கம். கூரையைத் திரும்பப் போட்டுவிட்டுக் கூலி வாங்க மறுத்த இரண்டு தம்பிகளே, உங்கள் வீட்டுக்குத் தனியாக வருகிறேன்.

மதினிக்கு வாசிக்கத் தெரியாது. "நான் காயவச்சதுல என்னதான் எழுதியிருந்த?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தை வேலப்பர் கோயில் முன்னால் உட்கார்ந்து முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்கப்போகிறேன். பாட்டியின் பேரன்களுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். குளிரும், கம்பளி எடுத்துக்கொண்டு எல்லாரும் வாருங்கள். கங்குச் சட்டி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டு மருமகள்