மூன்றாவது ஞாயிறு

திருகோணமலை
10.08.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, முற்றத்து வேம்பு முழுக்க விறாந்தையில்தான் கொட்டுகிறது. அம்மாவுக்குச் சீனி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இன்றோடு மூன்றாவது ஞாயிறு. வேலை கூடவாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சுவிஸ் பாசலில் நடந்த பெண்கள் உதைபந்தாட்ட ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தன்று நீ எடுப்பாய் என்று நடுச்சாமம் தாண்டியும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் பிரான்சிடம் தோற்ற இங்கிலாந்துப் பிள்ளைகள், கடைசியில் ஸ்பெயினைத் தண்டனை உதையில் 3-1 என்று மடக்கினார்களே! 2022இல் வெம்பிளியில் ஜெர்மனியை வென்ற அன்று நீ அங்கிருந்தே எடுத்து, அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தாய். 87,192 பேர். அதில் ஒருத்தி என் மகள் என்று ஏகாம்பரம் மைதானத்தடியில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். இந்த முறை எடுக்கவில்லை. சரி.

அந்த இங்கிலாந்து அணி லூசி புரோன்ஸ் கீழ்க்கால் எலும்பு முறிந்த காலோடு போட்டி முழுக்க ஆடியிருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே சொன்னாள். வீரம் என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து நித்திரை இல்லை. நீயும் அப்படித்தான், காலில் ஆணி ஏறியதை இரண்டு நாள் மறைத்தவள். வலித்தால் சொல்ல வேண்டும், பிள்ளை. எத்தனை தரம் சொல்லியிருப்பேன். எங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப் போகிறாய்?

ஆனால் முதலில் மறைத்தவன் நான். கொழும்பு ஆட்டத்துக்கு முதல் கிழமை உன் சப்பாத்து காணாமல் போனதே, அதை எடுத்தது நான்தான். இடது காலின் முனையை வலைநூலால் தைத்துத் தந்த அதே கையால் எடுத்து, தகரப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு உன்னோடு சேர்ந்து கிணற்றடியெல்லாம் தேடினேன். நீ அழுதாய். நான் தேடிக்கொண்டே இருந்தேன். காற்சட்டையோடு பெண்பிள்ளை ஓடுகிறது என்று சந்தியில் இரண்டு பேர் சொன்னதற்காக.

1920இல் லிவர்பூலில் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்களாம். அடுத்த வருடமே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. பெண்களுக்கு ஏற்றதல்ல என்றார்கள். 1971 வரை ஐம்பது வருடம். வாசிக்கும்போது என்னைப் பற்றி எழுதியிருப்பதுபோல் இருந்தது.

சப்பாத்து இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. தோல் வெடித்துவிட்டது, வலைநூல் மட்டும் அப்படியே.

மருமகனைச் சுகம் கேட்டதாக அம்மா எழுதச் சொன்னாள். அதற்குப் பதில் எழுத விருப்பமில்லையென்றால் விடு. நேரத்துக்குச் சாப்பிடு. வர நினைத்தால் வா, உன் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஞாயிறு வரை காத்திராமல் எடு, எந்தச் சாமமென்றாலும் நான் விழித்திருப்பேன்.

அப்பா